அரை மணி நேர அக்கா

கண்ணு,

இப்படி எழுதுவதற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள். எனக்குப் பேச வராது என்பது உனக்குத் தெரியும். ஃபோனில் நீ "சொல்லும்மா" என்றதுமே சொல்ல வந்தது போய்விடும். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். எழுதும்போது மட்டும்தான் எனக்கு யாரும் குறுக்கே பேசாத மாதிரி இருக்கிறது. இதை உனக்கு மட்டும் அனுப்பாமல், நாலு பேர் படிக்கிற இடத்தில் கொடுப்பதற்கும் சேர்த்தே மன்னிப்புக் கேட்கிறேன். நடந்தது முப்பது பேருக்கு முன்னால் நடந்தது. அதற்கான பதிலை உன் காதில் மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன் பேரையோ என் பேரையோ உன் காலேஜ் பேரையோ எழுதவில்லை, பயப்படாதே.

போன செவ்வாய்க்கிழமை நீ கூப்பிட்டபோது நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். "அம்மா, வருஷக் கடைசி எக்ஸிபிஷன்ல என் கேமை வெக்கறாங்க. கிளாஸ்ல ஆறு பேரோடதுதான் எடுத்திருக்காங்க. நீ வரணும்" என்றாய். என் கையில் இருந்த பேனாவை வைத்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டேன். "நெசமாவா சாமி?" என்றேன். அதற்கு நீ சொன்னாய்: "ஆனா அன்னிக்கு மாதிரியே இருந்துக்கோம்மா. மேடத்துக்கும் பசங்களுக்கும் நீ அந்த எஸ்டேட் அக்காதான். இப்பப் போய் அம்மான்னு சொன்னா நான் பொய் சொன்னதாயிரும். அந்த டெஸ்டே செல்லாதுன்னுருவாங்க." நான் "பாக்கறேன்" என்றேன். அதை நீ சரி என்று எடுத்துக்கொண்டாய். "அந்தச் சட்டையையும் எடுத்துட்டு வாம்மா, போட்டோ எடுப்பாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். அன்று மதியத்திலிருந்து இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ கேம் டிசைன் படிக்கப் போகிறாய் என்று தெரிந்தபோது தோட்டத்தில் யாரும் நம்பவில்லை. காப்பி பறிக்க வரும் ராசாத்தி அக்காதான் அதிகம் சிரித்தது. "ஏனுங்க ரைட்டரம்மா, வெளையாடறதுக்கு ஒரு காலேஜுங்களா? எங்கூட்டுப் பையன் சும்மாவே வெளையாடிட்டுக் கெடக்கறான், அவனுக்கும் ஒரு டிகிரி குடுக்கச் சொல்லுங்க" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் ஒரு நாளும் உன்னை வேறு ஏதாவது படி என்று சொன்னதில்லை. நம் வீட்டில் காலேஜ் வாசலை முதலில் மிதித்தவள் நான். எதைப் படிக்கலாம் என்று எனக்குச் சொல்ல யாருமில்லை. படிக்காதே என்று சொல்லத்தான் ஆள் இருந்தது. அதனால் நீ எதைக் கேட்டாலும் சரி என்பது என்று முடிவு செய்திருந்தேன்.

முதல் செமஸ்டரில் உங்களைக் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை என்றாய். காகிதம், கத்தரிக்கோல், புளியங்கொட்டை, அவ்வளவுதான். லீவுக்கு வந்தபோது பாம்பு ஏணி அட்டை ஒன்றை விரித்து வைத்து, "அம்மா, ஒரே ஒரு விதியை மாத்தினா மொத்த ஆட்டமும் வேற ஆயிரும், பாரு. ஏணியில ஏறணுமா வேண்டாமான்னு ஆடறவங்களே முடிவு பண்ணலாம்னு வெச்சுக்குவோம்" என்று என்னை ஆட வைத்தாய். நான் ஒரு ஏணியிலும் ஏறவில்லை. "ஏம்மா?" என்று கேட்டாய். "மேல பெரிய பாம்பு இருக்குதே சாமி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்து, அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். அன்று நீ என் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் கேட்டாய். அது எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று உனக்குத் தெரியாது. ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னை அதுவரை யாரும் ஆர்வமாகக் கேட்டதில்லை. கோபமாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அந்த லீவில்தான் நீ காப்பித் தோட்டத்தை வைத்து ஒரு கேம் செய்யப் போவதாகச் சொன்னாய். மூன்று நாள் உட்கார்ந்து உனக்கு எல்லாம் சொன்னேன். காலையில் பேர் கூப்பிடுவதிலிருந்து, இடுப்பில் சாக்கைக் கட்டுவது, செடியை வளைத்துப் பிடிப்பது, காட்டெருமை நின்றால் சத்தம் போடாமல் பின்னால் நகர்வது வரை. எல்லாவற்றையும்விட ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: செங்காயைப் பறிக்கக் கூடாது. மஞ்சளும் சிவப்புமாகப் பாதி பழுத்து நிற்கிற காயைத் தொட்டால் ஒரு மூட்டையே கெட்டுவிடும். அது பழுக்கிற வரைக்கும் அந்தச் செடிக்கு மறுபடி மறுபடி வர வேண்டும். நான் அதைச் சொன்னபோது நீ ஃபோனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். "ம்" என்றாய். கேட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

அதே லீவில் நீ எனக்கு உன் பாடத்தையும் சொன்னாய். நான் ஆபீஸ் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன், இன்னமும் இருக்கிறது. விளையாட்டுக்கு விதி வேண்டும். எதற்காக ஆடுகிறோம் என்ற இலக்கு வேண்டும். ஆடுகிறவர் தானாக ஒத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும், பிடித்துத் தள்ளினால் அது விளையாட்டு இல்லை. எப்போது முடிகிறது என்று ஆடுகிறவருக்குத் தெரிய வேண்டும். நாலாவதைச் சொல்லும்போது நீ கையை முறுக்கிச் சோம்பல் முறித்தாய். நான் அந்த நாலாவதை மட்டும் இரண்டு முறை எழுதினேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஆறு மாதம் கழித்து, கேமை வெளியாள் ஆடிப் பார்க்கிற டெஸ்டுக்கு நீ வரச் சொன்னாய். "இதுவரைக்கும் கேமே ஆடாத ஒரு ஆள் வேணும்மா. நீதான் சரி. ஆனா நல்ல சேலையெல்லாம் வேண்டாம். தோட்டத்துக்குப் போற மாதிரி வா. மேல போடற சட்டை ஒண்ணும் எடுத்துக்கோ" என்றாய். நான் எடையும் கணக்கும் எழுதுகிற ரைட்டர். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டிக்கொண்டு பறிக்கப் போவது நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஏதோ போட்டோவுக்காகக் கேட்கிறாய் என்று நினைத்து ராசாத்தி அக்காவிடம் கடன் கேட்டேன். "என்ற சட்டையப் போட்டுக்கிட்டா காலேஜுக்குப் போறீங்க? அங்கயும் சாக்கத் தூக்கி எடை போடறாங்களாக்கும்!" என்றது. துவைத்து மடித்துத்தான் கொடுத்தது, பாவம். வாழவந்தியில் முதல் பஸ் பிடித்து, ஏற்காட்டில் மாறி, சேலத்தில் மாறி, மடியில் கமலா ஆரஞ்சுப் பையோடு கோயம்புத்தூர் வந்து இறங்கினேன். வழியெல்லாம் நீ உன் வகுப்பில் என்னைக் காட்டி என்ன சொல்வாய் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

நீ படியிறங்கி வேகமாக வந்தாய். பையை வாங்கவில்லை. என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிப்போய், "அம்மா, ஒரு சின்ன விஷயம். உள்ள நீ எனக்கு அம்மா இல்ல. எங்க மலையில காப்பி பறிக்கிற அக்கான்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றாய்.

"ஏன் சாமி?"

"சொந்தக்காரங்களை வெச்சு டெஸ்ட் பண்ணக் கூடாதும்மா. அது ரூல். பாசத்துல நல்லா இருக்குதுன்னு பொய் சொல்லிருவாங்களாம். அரை மணி நேரந்தான். நீயும் பாக்கறதுக்கு அக்கா மாதிரிதான இருக்கற. ஒரு வெளையாட்டுன்னு நெனச்சுக்கோயேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நீ தெரிந்து சொன்னாயா, தெரியாமல் உன் வாயில் வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் சொல்வதற்குள் நீ கதவைத் திறந்துவிட்டாய். "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்றாய். பிறந்ததிலிருந்து என்னை 'வா, போ' என்று கூப்பிட்ட பிள்ளை. அவ்வளவு மரியாதையை உன்னிடமிருந்து நான் ஒருபோதும் கேட்டதில்லை. நம் இருவர் மூக்கும் ஒன்றுதான், பார்த்தால் குழந்தைக்கும் தெரியும். அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. அந்தச் சட்டையைப் பார்த்தார்கள்.

கேம் தொடங்கியதும் எனக்கு எல்லாம் மறந்துவிட்டது. நம் வீட்டுக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தொட்டியை வைத்திருந்தாய். அதன் விரிசல்கூட இருந்தது. ஒத்தையடிப் பாதை வளைகிற இடத்தில் சில்வர் ஓக் மரம், அதில் மிளகுக்கொடி. மூடுபனி கீழேயிருந்து மேலே ஏறி வந்தது, நிஜத்தில் வருகிற மாதிரியே. "இது நம்ம தொட்டி" என்று சொல்ல வாய் வந்தது. நான் அம்மா இல்லை என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். பிறகு செடிக்கு முன்னால் வந்து நின்றேன். கிளை நிறையக் காய். அவற்றைச் சுற்றி வெளிச்சம் மினுக்கியது. எல்லாம் செங்காய், கண்ணு. மஞ்சளும் சிவப்பும். ஒன்றுகூடப் பழம் இல்லை.

நான் காத்திருந்தேன். பழுக்கட்டும் என்று காத்திருந்தேன். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், நீ முதல் திரையிலேயே காட்டியிருந்தாய், நான் படித்தேன். மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பின்னால் ஒரு பையன், "அக்கா ஹேங் ஆயிட்டாங்கடா" என்றான். ஒரு பெண் "சும்மா இருடா" என்று சொல்லிக்கொண்டே சிரித்தது. மூடுபனி வந்து திரையை மூடியது. தோற்றுவிட்டீர்கள் என்று வந்தது. மறுபடி ஆரம்பித்தேன். அதே செடி, அதே செங்காய். மறுபடி நின்றேன். நீ பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாய். ஆடுகிறவர் மாட்டிக்கொண்டால் டிசைனர் வாயைத் திறக்கக் கூடாது, பார்க்க வேண்டும், எழுத வேண்டும், அவ்வளவுதான் என்று நீ எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாய். எழுதினாய். ஆனால் பார்க்கவில்லை. என் விரலைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய். என் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், தெரியாமல் நிற்கிறவள் முகம் எது, தெரிந்து நிற்கிறவள் முகம் எது என்று கண்டுபிடித்திருப்பாய். பாம்பு ஏணி அட்டையில் கண்டுபிடித்தாயே.

மூன்றாம் முறை உன் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்தேன். என்னால் உனக்கு மார்க் குறைகிறது என்று புரிந்தது. பறித்தேன். இத்தனை வருஷமாக எதைப் பறித்ததற்காக ஆட்களைத் திட்டியிருக்கிறேனோ, சாக்கைக் கொட்டிக் கிளறி எதைத் தேடி எடுத்து அவர்கள் கையிலேயே கொடுத்திருக்கிறேனோ, அதையே சரசரவென்று பறித்தேன். கூடை நிறைந்தது. மேளம் கொட்டியது. வெற்றி என்று வந்தது. உன் வகுப்பு கைதட்டியது.

உன் மேடம் நல்ல பெண், சின்ன வயசு. பக்கத்தில் வந்து குனிந்து, "ஏங்க்கா நின்னுட்டீங்க? பட்டன் தெரியலையா?" என்று கேட்டாள். அந்த அறையில் என்னை ஏன் என்று கேட்டது அவள் ஒருத்திதான். சொல்லியிருக்கலாம். "இது செங்காய்ங்க, பறிக்கக் கூடாதுங்க" என்று ஒரே வாக்கியம். ஆனால் சொன்னால் நீ உன் சொந்த மலையின் முதல் பாடம்கூடத் தெரியாதவன் என்று ஆகிவிடும். "ஆமாங்க, தெரியலைங்க" என்றேன். உங்கள் விதி சரிதான் கண்ணு. வீட்டு ஆள் பாசத்தில் பொய்தான் சொல்வார்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். அவள் நிமிர்ந்து, "புதுசா ஆடறவங்களுக்கு இன்னும் தெளிவாக் காட்டணும்" என்றதும் நீ சொன்னாய்: "அவங்களுக்குப் படிக்க வராது மேடம். எழுத்தை எடுத்துட்டு அம்புக்குறி வெச்சரலாம்னு இருக்கேன்."

எழுந்தபோது உன் நோட்டைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். படிக்கத் தெரியாதவள் முன்னால் மூடி வைக்க வேண்டியதில்லையே, விரித்தே வைத்திருந்தாய். தலைகீழாக இருந்தாலும் எனக்குப் படிக்க வரும், எதிரே உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகியவள். நாலாவது ஆள். பெண். காப்பி பறிக்கும் கூலி. படிப்பு இல்லை. ஆட்டத்தின் நோக்கம் புரியவில்லை.

கேட்டுக்கு வெளியே வந்ததும்தான் "அம்மா" திரும்பி வந்தது. "செமயாப் பண்ணிட்டம்மா! யாருக்கும் டவுட்டே வரல" என்றாய். சந்தோஷத்தில் என் தோளைப் பிடித்து உலுக்கினாய். நான் ஆரஞ்சுப் பையைக் கொடுத்தேன். எனக்குப் படிக்க வராதா சாமி என்று கேட்கத்தான் நினைத்தேன். "ஃபிரிட்ஜில வெக்காத, கசந்துரும்" என்றேன். பஸ் வந்துவிட்டது.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பன்னிரண்டாவது எழுதின வருஷமே எனக்குக் கல்யாணம் ஆனது. பதினெட்டில் நீ பிறந்தாய். உன் அப்பா போர்வெல் வண்டியில் வடக்கே போனார். முதலில் வருஷத்துக்கு இருமுறை வந்தார், பிறகு ஒருமுறை, பிறகு வரவில்லை. அது உனக்குத் தெரிந்த கதை. உனக்கு மூன்று வயதில் நான் சேலத்தில் காலேஜில் சேர்ந்தேன். முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். சுற்றிலும் பதினேழு வயசுப் பெண்கள். நான் பேரையும் ஊரையும் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, கூச்சத்தில் பாதியில் நிறுத்திவிட்டேன், அவ்வளவுதான். ஆனால் அன்று சொல்லாததை மறுநாள் சொல்ல முடியவில்லை, அடுத்த வாரம் இன்னும் முடியவில்லை. பஸ் மலையிறங்கும்போது முதல் கொண்டை ஊசி வளைவில் மெட்டியைக் கழற்றிப் பர்ஸில் போடுவேன். தாலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொள்வேன். சாயங்காலம் ஏறும்போது அதே வளைவில் மெட்டியைத் திரும்ப மாட்டுவேன். மூன்று வருஷம்.

உனக்கு நாலு வயசில் ஒரு நாள் பால்வாடி டீச்சர் வரவில்லை. எனக்குப் பரீட்சை. உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்து முடித்துத் தெளிந்த பிறகு சொன்னேன்: "கண்ணு, இன்னிக்கு நாம ஒரு வெளையாட்டு வெளையாடலாமா? ஒரே ரூலு. பொழுதுக்கும் என்னை அக்கான்னு கூப்பிடணும். அம்மான்னு சொன்னா அவுட்டு. ஜெயிச்சா பஸ் ஸ்டாண்டு கடையில செவப்புக் கலர் பஸ்ஸு வாங்கித் தருவேன்." உனக்கு அவ்வளவு சந்தோஷம். "அக்கா, அக்கா" என்று மலையிறங்கும் வரை பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தாய். பக்கத்து சீட்டு அம்மாள், "தம்பிக்கு அக்கா மேல நொம்பப் பாசம்" என்றார். நான் ஆமாங்க என்றேன்.

காலேஜில் பெண்கள் உன்னைத் தூக்கிக் கொஞ்சினார்கள். "யாருடி இது?" என்றதற்கு, "தம்பி" என்றேன். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். ஜெயித்துக்கொண்டிருக்கிறோம் என்று. நான் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வரும்போது வராந்தாப் படியில் என்னைப் பார்த்து ஓடி வந்தாய், தடுக்கி விழுந்தாய். தாடை கிழிந்து ரத்தம். "அம்மா!" என்று கத்தினாய். என் தோழி ஒருத்தி, "பாவம்டி, அம்மாவைத் தேடுது" என்றாள். நான் உன்னைத் தூக்கி, முந்தானையால் தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அழுவாத தம்பி, சாயங்காலம் அம்மாகிட்டப் போயிரலாம்" என்றேன். நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

சாயங்காலம் கடை வாசலில் நின்றாய். சிவப்புப் பஸ் கயிற்றில் தொங்கியது. "நான் ஒரு தடவைதான் சொன்னேன்" என்றாய். வாங்கியிருக்கலாம், கையில் காசு இருந்தது. ஆனால் எனக்கு உள்ளே ஒரு பயம் வந்துவிட்டது. இன்று விட்டால் அடுத்த முறை நீ எல்லோர் முன்னாலும் அம்மா என்று கூப்பிட்டுவிடுவாய் என்று. "ரூல்னா ரூல்தான் கண்ணு" என்று சொல்லி உன்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழக்கமான அந்த வளைவில் மெட்டியை மாட்டிக்கொண்டிருக்கும்போது நீ என் காலையே பார்த்துக்கொண்டு, "இப்ப சொல்லலாமா?" என்று கேட்டாய். அதன் பிறகு நாலைந்து முறை உன்னைக் கூட்டிப்போனேன். நீ ஒருமுறைகூட அவுட் ஆகவில்லை. விழுந்தபோதும் அவுட் ஆகவில்லை. பட்டம் வாங்கிய அன்று கறுப்புக் கவுனோடு எடுத்த படத்தில் என் பக்கத்தில் நீ நிற்கிறாய். சுற்றி நிற்கிறவர்கள் யாருக்கும் நீ யார் என்று தெரியாது.

ஒன்றாம் வகுப்பில் உன்னைச் சேர்க்கப் போனபோது டீச்சர், "யாரு சாமி உன்னைக் கூட்டிட்டு வந்திருக்கறது?" என்று உன்னைக் கேட்டார். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். எதைச் சொல்லட்டும் என்று கண்ணால் கேட்டாய். அப்போதாவது நான் குனிந்து, அந்த வெளையாட்டு முடிஞ்சுபோச்சு கண்ணு, இனி எப்பவும் அம்மாதான் என்று சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் முன்னால் வெட்கமாக இருந்தது. "அம்மான்னு சொல்லு" என்று உன் கையைக் கிள்ளினேன். ஆட்டத்தைத் தொடங்கியது நான், முடிந்தது என்று நான் சொல்லவே இல்லை. உன் பாடத்தின் நாலாவது விதியை நான் இரண்டு முறை எழுதியது இதனால்தான். மூன்றாவதையும் நான் காப்பாற்றவில்லை. நாலு வயசுப் பிள்ளை ஒத்துக்கொண்டு உள்ளே வந்தது என்று சொல்ல முடியுமா? ஒரு சிவப்புப் பஸ்ஸைக் காட்டி உள்ளே தள்ளினேன்.

அதனால் தூணுக்குப் பின்னால் நீ சொன்னதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. இதை எங்கே கற்றாய் என்று தேட வேண்டியதில்லை. ஆனாலும் கசக்கிறது, கண்ணு. எனக்கு உரிமை இல்லை என்று தெரிந்த பிறகும் கசக்கிறது. நீ அம்மாவை மறைத்ததைக்கூட விழுங்கிவிடுவேன், அது நான் செய்தது. படிப்பை மறைத்ததை விழுங்க முடியவில்லை. உன்னையே மறைத்து வைத்து வாங்கிய படிப்பு அது. அதையும் இல்லை என்று ஆக்கிவிட்டால், அந்தப் படியில் உன் தாடை எதற்காகக் கிழிந்தது?

இனி உன் கேமைப் பற்றி. எழுத்தை எடுத்து அம்புக்குறி வைக்காதே, குறை அதில் இல்லை. பழம் பழுக்க நேரம் கொடு. பறிக்காமல் காத்திருக்கிறவரைத் தோற்கடிக்காதே. மூடுபனி வந்தால் போகட்டும், மறுநாள் அதே செடிக்குத் திரும்பி வரட்டும், அப்போது காய் சிவந்திருக்கட்டும். அவசரப்பட்டுப் பறித்தவரின் கூடை நிறையும், ஆனால் கொட்டிக் கிளறுகிற ஒரு ரைட்டர் வேண்டும், அவள் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன் கேமில் அப்படி ஒருத்தியே இல்லை. மூன்று நாள் அவள் எதிரில் உட்கார்ந்துதான் எல்லாம் எழுதிக்கொண்டாய். உன் மூடுபனி அழகு. அதை நான் சொல்லவில்லை, மனசில் வைத்திருந்தேன்.

எக்ஸிபிஷனுக்கு வருகிறேன். ராசாத்தி அக்காவின் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அது இல்லாமல் வருகிறேன். மெட்டி போட்டுக்கொண்டு வருகிறேன். வாசலில் என்னை யார் என்று யாராவது கேட்டால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், உன்னையும் சொல்லச் சொல்ல மாட்டேன். கிள்ளவும் மாட்டேன். வரிசையில் நின்று என் முறை வரும்போது உன் கேமை ஆடுவேன்.

இவ்வளவும் எழுதியது ஒன்று கேட்பதற்காகத்தான். கேட்டால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியும். அந்த டெஸ்டைச் செல்லாது என்பார்கள், மார்க் போகும், அந்த ஆறு பேரிலிருந்து உன்னை நீக்கிவிடக்கூடும். தெரிந்துதான் கேட்கிறேன், அதனால்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன். அந்தச் செடிக்கு முன்னால் நான் மறுபடி நிற்பேன். நேரம் குறையும், பின்னால் யாராவது சிரிப்பார்கள். அப்போது டிசைனர் பேசக் கூடாது என்ற விதியை ஒரே ஒரு முறை உடைத்துவிடு. நோட்டை மூடிவிட்டு என் முகத்தைப் பார். அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் கேள்: "ஏம்மா நிக்கற?"